பழைய லாரியும் புகைத் தடையும்

பல லட்சம் மைல் ஓடித் தேய்ந்த லாரி ஒன்று பட்டறைக்கு வந்து நிற்கிறது. அதன் புகைக்குழாயோடு சேர்ந்த கருவிகள் சில பழுதுபட்டிருக்கின்றன. அவற்றைப் புதிதாக மாற்றினால் பெருஞ்செலவு. கழற்றிவிட்டால் சிறு செலவு. கழற்றிவிட்டால் வண்டி முன்னைவிட நன்றாக இழுக்கும், டீசலும் மிச்சமாகும் என்று அருகிலிருப்போர் சிலர் சொல்லுகிறார்கள். வண்டிக்காரர் என்ன செய்வது?

இது பட்டறைக்குள்ளேயே தீர்ந்துவிடக்கூடிய வினாவாகத் தோன்றலாம். ஆனால் அக்கருவிகள் லாரியில் எவ்வாறு வந்து சேர்ந்தன என்ற வரலாற்றை அறியாமல் இதற்கு விடை கூறுவது கடினம். டெல்லி, மும்பை, கல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இந்த வினாவில் இரட்டை உறவு உண்டு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு முதலிய ஊர்கள் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அங்கிருந்து புறப்படும் வண்டிகள் நாடெங்கும் ஓடுகின்றன. அவற்றை ஓட்டுவோரும் உடையவரும் நம் உறவினர். அவை செல்லும் நகரங்களின் காற்றைச் சுவாசிப்போர் நாம். வண்டிக்காரரின் நியாயத்தையும் மூச்சு விடுவோரின் நியாயத்தையும் ஒருசேர எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள் நாம்.

நாடு விடுதலை பெற்றபின் லாரித் தொழில் நம் மண்ணில் வேரூன்றிய காலத்தில் புகையைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1948-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1954-இல் டாட்டா நிறுவனத்தார் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனத்துடன் கூடி ஜாம்ஷெட்பூரில் லாரிகளைச் செய்யத் தொடங்கினர். அக்காலத்து லாரியை மதிப்பிட்டவர்கள் மூன்றே கேள்விகளைக் கேட்டனர்: எவ்வளவு பாரம் இழுக்கும்? எவ்வளவு டீசல் குடிக்கும்? மலைப்பாதையில் நடுவழியில் நின்றுவிடாமல் ஏறுமா? மேட்டில் ஏறும்போது கரும்புகை கக்கினால் வண்டி தன் வலிமையெல்லாம் காட்டுகிறது என்று எண்ணிக் கொண்டவர்களும் உண்டு. கரும்புகை என்பது எரியாமல் வீணாகும் டீசல் என்பதைப் பிற்காலத்தில்தான் பலரும் உணர்ந்தனர்.

புகையின் குற்றத்தை உலகம் முதன்முதலில் ஆய்வுக்கூடத்தில் வைத்து நிறுவியது நம் நாட்டில் அன்று. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில். 1943-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்நகரைக் கண்ணெரிக்கும் மூட்டம் ஒன்று சூழ்ந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலமாதலால், எதிரியின் நச்சு வாயுத் தாக்குதலோ என்று சிலர் அஞ்சினர். பழி முதலில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின்மேல் விழுந்தது. அந்த ஆலையை அடக்கிய பின்பும் மூட்டம் விலகவில்லை. அப்பொழுது பசடீனா நகரிலுள்ள கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஹாலந்து நாட்டில் பிறந்த ஹாகன்-ஸ்மித் என்னும் ரசாயன அறிஞர் பணியாற்றி வந்தார். அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் உண்டாகிறது என்று ஆராய்ந்து கொண்டிருந்தவர் அவர். அதே முறைகளைக் கொண்டு நகரத்துக் காற்றை ஆராயத் தலைப்பட்டார். மோட்டார் வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் எரியாத எண்ணெய் ஆவியும், நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்களும் வெயிலில் சேர்ந்து ஓசோன் முதலிய எரிச்சல் பொருள்களாக மாறுகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் எடுத்துக் காட்டினார். மோட்டார்த் தொழிலார் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் நாளடைவில் உண்மை நிலைபெற்றது. 1968-இல் கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவராக அவரே அமர்ந்தார்.

இதன் பயனாக வண்டிகளில் ஏறிய முதற் கருவி மிக எளியது. இஞ்சினின் அடிப்பகுதியில் கசிந்து சேரும் ஆவியை வெளியே விடாமல் மீண்டும் இஞ்சினுக்கே திருப்பும் ஒரு சிறு அடைப்பானும் குழாயுமே அது. 1961-ஆம் ஆண்டு முதல் கலிபோர்னியாவில் விற்கப்பட்ட புதுக் கார்களில் அது இடம்பெற்றது. பின்னர் 1970-இல் அமெரிக்க நாட்டின் தூய காற்றுச் சட்டம் வன்மையாகத் திருத்தப்பட்டது. அதன் விளைவாக 1975-ஆம் ஆண்டின் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்னும் கருவி வந்தது. பிளாட்டினம் போன்ற அரிய உலோகங்கள் பூசிய தேனடை போன்ற அமைப்பு அது. புகை அதனூடே செல்லும்போது நச்சு வாயுக்கள் தீங்கு குறைந்தவையாக மாறிவிடுகின்றன.

இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் கன்வெர்ட்டரைச் செயலறச் செய்துவிடும். ஆகவே ஈயமில்லாத பெட்ரோலை விற்க ஏற்பாடு செய்தனர். கன்வெர்ட்டர் பொருத்திய கார்களில் பெட்ரோல் ஊற்றும் வாயையும் குறுக்கி, ஈயம் கலந்த பெட்ரோலை ஊற்றும் பருத்த குழாய் அதில் நுழையாதவாறு செய்தனர். மக்கள் என்ன செய்தார்கள்? ஈயம் கலந்தது விலை மலிவு. எனவே அந்தக் குறுகிய வாயை உடைத்துப் பெரிதாக்கியவர்களும், புனல் வைத்து ஊற்றியவர்களும் பலர். மிச்சம் பிடித்தது சில காசு. பாழானது விலையுயர்ந்த கருவி. வண்டியில் பொருத்திய கருவியைக் கழற்றுவதும் கெடுப்பதும் நம் நாட்டுக்கே உரிய பழக்கமல்ல என்பது இதனால் விளங்கும். செலவை ஒருவன் ஏற்க, பயனை ஊரார் அடையும் இடமெல்லாம் இத்தகைய ஆசை தலைதூக்குவது இயல்பு.

நம் நாட்டுக்கு வருவோம். காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் நிறைவேறியது. டெல்லியின் வாகனப் புகையை எதிர்த்து எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் 1985-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பதிலாக 1988-இல் இயற்றப்பட்ட புதுச்சட்டம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் புகைக்கு வரம்பு கட்டின. புது பெட்ரோல் வண்டிகளுக்கு 1991-லும், டீசல் வண்டிகளுக்கு 1992-லும் நாடு தழுவிய புகை அளவுகள் வகுக்கப்பட்டன. 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு மாநகரங்களிலும் புதுக் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. ஈயமில்லாத பெட்ரோலும் அங்கே விற்பனைக்கு வந்தது. ஆனால் நாடெங்கும் ஈயம் அகன்றது 2000-ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் மாநகர எல்லையைத் தாண்டி நெடுந்தூரம் சென்ற கார் வழியில் கிடைத்த பெட்ரோலைத்தானே ஊற்றிக்கொள்ள வேண்டும்? கருவியைக் கட்டாயமாக்கிய அரசு அதற்கேற்ற எரிபொருளையும் எங்கும் கிடைக்கச் செய்யாவிடில், கருவி பெயரளவில் நிற்கும். லாரியின் வரலாற்றிலும் இப்பாடம் மீண்டும் வருகிறது.

1990-களில் டெல்லியின் நிலை மோசமாயிற்று. 1998-இல் பூரேலால் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளைத் தழுவி அவ்வாண்டு ஜூலை 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் விரிந்த ஆணையொன்றைப் பிறப்பித்தது. நகரப் பேருந்துகள் யாவும் டீசலைக் கைவிட்டு அழுத்தப்பட்ட இயற்கை வாயுவில் ஓட வேண்டும் என்றது. 15 ஆண்டு கடந்த வணிக வண்டிகள் டெல்லிச் சாலைகளை விட்டு விலக வேண்டும் என்றும் முடிவாயிற்று. எதிர்ப்பும் தவணையும் வழக்கும் தொடர்ந்தன. வாயு நிரப்பும் நிலையங்களில் நெடிய வரிசைகள் நின்றன. எனினும் 2002-ஆம் ஆண்டின் முடிவில் டெல்லி நகரப் பேருந்துகள் டீசலைத் துறந்துவிட்டன. மும்பையில் உயர் நீதிமன்றம் வி. எம். லால் தலைமையில் குழுவமைத்து, பழைய டாக்சிகளை வாயுவுக்கு மாற்றும் வழியில் சென்றது. கல்கத்தாவில் உயர் நீதிமன்றம் 2008-இல் பிறப்பித்த ஆணையின்படி, 15 ஆண்டு கடந்த வணிக வண்டிகள் 2009-இல் மாநகரை விட்டு நீங்கின.

வண்டியின் வயது என்னும் அளவுகோல் இவ்வாறு நம் பொதுவாழ்வில் நுழைந்தது. பேணி வளர்த்த வண்டியும், பாழடித்த வண்டியும் வயது ஒன்றாயின் ஒரே தட்டில் நிறுக்கப்பட்டன. இது கொடுமையன்றோ என்று வண்டிக்காரர்கள் கேட்டனர். கேள்வி நியாயமானதே. ஆனால் நீதிமன்றங்கள் வயதைப் பற்றிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வண்டிக்குள் இருக்க வேண்டிய கருவி இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று நம்பிக்கையோடு சொல்லக்கூடிய சோதனை முறை நாட்டில் அமையவில்லை. பதிவுப் புத்தகத்திலுள்ள ஆண்டு ஒன்றுதான் எவரும் மாற்ற முடியாத சான்றாக நின்றது. நம்பிக்கை இல்லாத இடத்தில் வயது நீதிபதியாயிற்று.

இதற்கிடையே புது வண்டிகளுக்கான தரம் படிப்படியாக உயர்ந்து வந்தது. ஐரோப்பிய அளவுகளைத் தழுவிய முதற்படி 2000-இல் நாடெங்கும் வந்தது. பின்னர் பாரத் ஸ்டேஜ் என்னும் பெயரால், வழக்கில் பி.எஸ். என்று சொல்லப்படும் தரங்கள் முதலில் பெருநகரங்களிலும் பிறகு பிற இடங்களிலுமாக வந்தன. நாடு முழுவதற்கும் பி.எஸ். 3 தரம் 2010-லும், பி.எஸ். 4 தரம் 2017 ஏப்ரலிலும் வந்தன. ஐந்தாம் படியைத் தாண்டி, பி.எஸ். 6 தரம் 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. கனரக டீசல் இஞ்சின் ஒரு யூனிட் வேலை செய்யும்போது வெளிவிடக்கூடிய நைட்ரஜன் ஆக்ஸைடின் அளவு பி.எஸ். 3-இல் 5 கிராம், பி.எஸ். 4-இல் 3.5 கிராம், பி.எஸ். 6-இல் 0.4 கிராம். கரித்துகளோ 0.10 கிராமிலிருந்து 0.02-க்கும், பின் 0.01-க்கும் இறங்கிற்று.

டீசலும் உடன் மாறிற்று. 2000-ஆம் ஆண்டின் அளவின்படி பத்து லட்சம் பங்கு டீசலில் 2,500 பங்கு கந்தகம் இருக்கலாம். அது 500, 350, 50 என்று குறைந்து, பி.எஸ். 6 எரிபொருளில் 10 பங்காகியுள்ளது. ஈயம் பெட்ரோல் காரின் கன்வெர்ட்டரைக் கெடுத்ததுபோல, கந்தகம் டீசல் வண்டியின் கருவிகளைக் கெடுக்கும். எண்ணெய் ஆலைகள் பெரும்பொருள் செலவிட்டுக் கந்தகத்தை நீக்கியிராவிடில், இன்று நாம் பேசும் கருவிகள் லாரியில் இடம்பெற்றிருக்கவே முடியாது.

அக்கருவிகள் யாவை? மூன்றை மட்டும் கூறுவோம். முதலாவது, ஈ.ஜி.ஆர். எனப்படும் புகைச் சுழற்சி அமைப்பு. வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் இஞ்சினுக்குள் அனுப்புவது இதன் வேலை. அதனால் எரியும் வெப்பம் தணிகிறது. மிகுந்த வெப்பத்தில்தான் காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடாக மாறுமாதலால், வெப்பம் தணிந்தால் அந்நச்சும் குறைகிறது. இரண்டாவது, எஸ்.சி.ஆர். எனப்படும் அமைப்பு. இதற்கென ஒரு தனித் தொட்டி உண்டு. நூற்றுக்கு 32.5 பங்கு யூரியாவும் மீதி தூய நீரும் கொண்ட கரைசல் அதில் நிரப்பப்படும். அது சூடான புகையில் பீச்சப்பட்டு அம்மோனியாவாகி, நைட்ரஜன் ஆக்ஸைடைத் தீங்கற்ற நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றிவிடுகிறது. பி.எஸ். 4 லாரிகள் சிலவற்றில் முதலாவதும் சிலவற்றில் இரண்டாவதும் இருக்கும். மூன்றாவது, பி.எஸ். 6 லாரிகளிலுள்ள கரித்துகள் வடிகட்டி. இது கரியைப் பிடித்து வைத்து, நிரம்பியபின் வெப்பத்தால் எரித்துச் சாம்பலாக்கும்.

வண்டிக்காரரின் குறைகளையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஈ.ஜி.ஆர். வழியில் கரி படிந்து அடைத்துக்கொள்வதுண்டு. யூரியாவுக்கு மாதந்தோறும் செலவு. மட்டமான சரக்கை ஊற்றினால் பீச்சுகுழல் அடைபட்டுப் போகும். யூரியா தீர்ந்தாலும், உணர்வுக் கருவியொன்று கெட்டாலும், பல வண்டிகளில் இஞ்சினின் இழுவை தானாகக் குறைந்துவிடும். நள்ளிரவில், ஊர் பேர் தெரியாத சாலையில், முழுப் பாரத்தோடு வண்டி இழுக்க மறுத்தால், டிரைவர் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. சிறு சாலையோரப் பட்டறைகளில் இக்கருவிகளைச் சோதிக்கும் கம்ப்யூட்டர் இல்லை. நிறுவனத்தின் ஒர்க்‌ஷாப்பிலோ கட்டணம் அதிகம். ஒரே வண்டியைக் கடனில் வாங்கி ஓட்டுபவர் தவணை கட்டுவாரா, கருவி மாற்றுவாரா? கழற்றிவிடும் ஆசை பெரும்பாலும் பேராசையால் பிறப்பதன்று. இத்தகைய நெருக்கடியில் பிறப்பது.

ஆனால் கழற்றியபின் நிகழ்வது என்ன? பி.எஸ். 4 லாரியில் எஸ்.சி.ஆர். அமைப்பைச் செயலறச் செய்து, அது வேலை செய்வதாக இஞ்சினின் மின்மூளைக்குப் பொய்ச்சைகை அனுப்பும் சிறு பெட்டியைப் பொருத்திவிடுகிறார்கள். புகைக்குழாயில் கருமை தென்படாது. டீசல் வண்டிக்குப் புகைச் சான்று தரும் நிலையத்தில் அளப்பது புகையின் கருமையை மட்டுமே. பழைய வண்டிகளுக்கு 65, பி.எஸ். 4 வண்டிகளுக்கு 50 என்று கருமைக்கு எல்லை வைத்திருக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்ஸைடு அங்கே அளக்கப்படுவதில்லை. ஆகவே கருவி இழந்த லாரியும் சான்று பெற்றுவிடுகிறது. ஆனால் நைட்ரஜன் ஆக்ஸைடு காற்றில் கலந்து, ஓசோனாகவும் நுண்துகளாகவும் உருமாறி, நெஞ்சுக்குள் நுழைகிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ஆம் ஆண்டு ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்துவிட்டது. அப்புகையை நாள்தோறும் முதலில் மூச்சிழுப்பவர்கள் எவர்? லாரியிலேயே உண்டு உறங்கும் டிரைவரும் கிளீனரும், பட்டறை மெக்கானிக்கும், சுங்கச்சாவடி ஊழியரும், சாலையோரக் குடிசைவாசிகளும் அல்லரோ?

ஒருவர் கழற்றுவதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் இதற்குக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2020 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, ஏறத்தாழப் பத்தாண்டுக் காலத்தில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகைத் தடைக் கருவிகள் அகற்றப்பட்டிருந்தன. அவ்வண்டிகள் தம் ஆயுட்காலத்தில் மிகையாக வெளிவிடும் நைட்ரஜன் ஆக்ஸைடு 5,70,000 டன் என்று மதிப்பிட்டனர். ஒவ்வொருவரும் தம் வண்டி ஒன்றுதானே என்று எண்ணியதன் மொத்தத் தொகை அது. வண்டி வைத்திருப்போர் மட்டுமே இத்தவற்றைச் செய்தார்கள் என்றும் கருத வேண்டா. சோதனைக்கூடத்தில் மட்டும் நல்ல பிள்ளையாக நடக்கும்படி ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசல் கார்களை அமைத்திருந்தது 2015 செப்டம்பரில் வெளியாயிற்று. உலகெங்கும் ஏறக்குறைய ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள் அதில் அடங்கும். கருவி இருந்தும் இயங்காமல் வைப்பது பெரிய ஆலையின் செயலாயினும், சிறிய பட்டறையின் செயலாயினும், விளைவு ஒன்றே.

இந்த அவநம்பிக்கையின் விளைவை டெல்லி கண்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் 15 ஆண்டு கடந்த வண்டிகளையும், 2015 ஏப்ரலில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளையும் தலைநகர வட்டாரச் சாலைகளிலிருந்து விலக்கிற்று. அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நகருக்குள் நுழையும் சரக்கு வண்டிகளுக்கு 700 ரூபாய், 1,300 ரூபாய் என்று தனிக் கட்டணம் விதித்து, டிசம்பரில் அதை இரட்டிப்பாக்கியது. 2005-ஆம் ஆண்டிலும் அதற்கு முன்னும் பதிவான சரக்கு வண்டிகள் டெல்லிக்குள் நுழையலாகாது என்றும் கூறிற்று. 2018-இல் கிழக்கு, மேற்குப் புறவழி விரைவுச் சாலைகள் திறக்கப்பட்டபின், டெல்லியில் வேலையில்லாத லாரிகள் நகரைச் சுற்றிச் செல்ல வழி பிறந்தது. அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் 10 ஆண்டு, 15 ஆண்டு வரம்பை உறுதி செய்தது.

2025-ஆம் ஆண்டில் காற்று சிறிது திசை மாறிற்று. வயது கடந்த வண்டிகளுக்கு டெல்லியில் எரிபொருள் தரலாகாது என்ற ஏற்பாடு ஜூலை 1-ஆம் நாள் தொடங்கி, எதிர்ப்பின் காரணமாகச் சில நாள்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12-ஆம் நாள், வயதை மட்டும் காரணமாகக் கொண்டு உடையவர்மேல் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டா என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பிறகு டிசம்பர் மாதத்தில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ். 4 தரமும் அதற்கு மேற்பட்ட தரமும் உடைய வண்டிகளுக்கே உரியதாகச் சுருக்கிற்று. நவம்பர் முதல் நாளிலிருந்து, வெளி மாநிலங்களில் பதிவான பி.எஸ். 3-ம் அதற்குக் கீழ்ப்பட்ட தரமும் உடைய சரக்கு வண்டிகள் டெல்லிக்குள் வருவதற்கும் தடை வந்தது, பி.எஸ். 4 வண்டிகளுக்கு 2026 அக்டோபர் முடிய ஒரு தவணை தரப்பட்டது.

இம்மாற்றத்தின் பொருளை வண்டிக்காரர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பிறந்த ஆண்டு என்னும் அளவுகோல் தளர்ந்து, வண்டி எத்தரத்தது என்னும் அளவுகோல் முன்னுக்கு வருகிறது. பழைய வண்டியைப் பேணியவர்கள் நெடுநாளாகக் கேட்ட நியாயம் இதுவே. ஆனால் அத்தரம் எதில் அடங்கியிருக்கிறது? அந்தச் சுழற்சிக் குழாயிலும் யூரியாத் தொட்டியிலும் வடிகட்டியிலும் அல்லவா? அவற்றைக் கழற்றிய பி.எஸ். 4 லாரி பதிவுப் புத்தகத்தில் மட்டுமே பி.எஸ். 4, சாலையில் அது தடை செய்யப்பட்ட வண்டிகளோடு ஒத்தது. இத்தகைய வண்டிகள் பெருகினால், தரத்தையும் நம்ப முடியாது என்று கூறி நீதிமன்றங்கள் மீண்டும் வயதுக்கே திரும்புவது அரிதன்று. அப்பொழுது கருவியைக் காத்து வைத்தவரின் வண்டியும் சேர்ந்தே உடைபடும்.

சட்டத்தையும் ஒரு சொல்லில் குறிப்பிடுவோம். 2019-ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றும் உடையவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். புகை வரம்பை மீறி வண்டியை ஓட்டினாலோ ஓட்டவிட்டாலோ மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

இனி நம் வினாவுக்கு விடை. பி.எஸ். 4, பி.எஸ். 6 லாரிகளில் உள்ள கருவிகளைக் கழற்றவே கூடாது. பழுதானால் சீர்செய்ய வேண்டும். ஈ.ஜி.ஆர். வழியைக் காலத்தில் துப்புரவு செய்தால் அடைப்புக்கு இடமில்லை. நம்பகமான இடத்தில் யூரியா வாங்கினால் பீச்சுகுழல் நெடுநாள் உழைக்கும். வடிகட்டி அடிக்கடி அடைபட்டால் குற்றம் பெரும்பாலும் வடிகட்டியினுடையதன்று. நாசிலோ டர்போவோ கெட்டு இஞ்சின் மிகுந்த கரி தள்ளுகிறது என்பதை அது அறிவிக்கிறது. எச்சரிக்கை விளக்கைப் பிடுங்குவதால் நோய் தீருமா?

அதற்கு முந்திய லாரிகளில் கழற்றத்தக்க கருவிகள் குறைவு. அங்கே வேண்டுவது வேறு வகைக் காவல். இழுவை கூட வேண்டும் என்று பம்பைத் திருகி டீசலைக் கூட்டிவிடுவது பழைய வழக்கம். கரும்புகைக்கு அதுவே முதற்காரணம். பம்பு ஆலையில் வைத்த அளவிலேயே இருக்க வேண்டும். நாசில்களைக் காலத்தில் சோதித்தல், ஏர் ஃபில்டரை மாற்றுதல், மண்ணெண்ணெய் கலந்த டீசலை விலக்குதல், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றாமை ஆகிய நான்கும் எந்த லாரியின் புகையையும் குறைக்கும். டீசலையும் உண்மையாகவே மிச்சப்படுத்தும். ஆனால் எவ்வளவு பேணினும் 5 கிராம் வரம்புக்குச் செய்த இஞ்சின் 0.4 கிராம் இஞ்சினாகிவிடாது. ஆதலால் அத்தகைய வண்டி நெருக்கமான நகரங்களை விட்டு, நாளடைவில் ஓய்வு பெறுவதே முறை.

இப்பொறுப்பு முழுவதையும் வண்டிக்காரரின் தோளிலேயே சுமத்துவது அறமாகாது. நெடுஞ்சாலைகளில் நியாய விலையில் தரமான யூரியா கிடைக்க வேண்டும். சிறு பட்டறை மெக்கானிக்குகளுக்கு இக்கருவிகளைச் சோதிக்கவும் சீர்செய்யவும் பயிற்சி வேண்டும். உறுப்புகளின் விலையை உற்பத்தியாளர் எளியோர்க்கு எட்டும்படி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கருமையை மட்டுமன்றி நைட்ரஜன் ஆக்ஸைடையும் அளக்கும் சோதனை வேண்டும். கருவியைக் காத்தவரையும் கழற்றியவரையும் பிரித்தறியாத சோதனை, காத்தவருக்கே தண்டனையாகிறது. கருவி ஒன்று, அதைக் காப்பதில் பங்குடையோர் பலர். ஆலையார் நல்ல டீசல் தந்தனர். உற்பத்தியாளர் கருவியைப் பொருத்தினர். வாங்கியவர் அதற்கும் சேர்த்தே விலை கொடுத்தார். விலை கொடுத்துப் பெற்றதை மறுபடியும் காசு கொடுத்துக் கழற்றுவது எவருக்கு ஆதாயம்?

தமிழகத்திலிருந்து புறப்படும் லாரி நாலைந்து நாளில் வடநாட்டு நகரம் ஒன்றை வந்தடைகிறது. அது கொண்டுவரும் சரக்கை நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். அதன் புகையை விலையின்றிப் பெறுகிறோம். அந்த லாரியை ஓட்டி வருபவர் நம் ஊர்க்காரராக இருந்தால், ஊர்ச் செய்தி விசாரிக்கும்போது, புகைக்குழாயோடு இருக்க வேண்டிய கருவிகள் யாவும் இருக்கின்றனவா என்றும் ஒரு வார்த்தை கேட்போமாக. அவர் கழற்றாமல் காத்திருந்தால் அதற்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.